காசு கட்டாதவர் இலவச விளையாட்டுக்கு எதற்குத் தேவை?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். சமூக வலைத்தளத்தோடு இணைந்த ஒரு பண்ணை விளையாட்டைப் பல மாதங்களாக ஆடுகிறீர்கள். சல்லிக்காசு கட்டியதில்லை. ஆனாலும் இரவு இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து அறுவடை செய்கிறீர்கள், அதிகம் பேசிப் பழகாதவர்களிடம்கூடப் பலகையும் ஆணியும் கேட்டுக் கோரிக்கை அனுப்புகிறீர்கள். "இது திட்டமிட்டுச் செய்ததா, எனக்குத்தான் மனக்கட்டுப்பாடு போதாதா?" என்று கேட்கிறீர்கள். இதற்குள் நீங்கள் கேட்காத இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது: காசே தராத உங்களை நடுராத்திரியில் எழுப்புவதால் அவர்களுக்கு என்ன லாபம்? அதற்கு விடை கிடைத்தால்தான் முதல் கேள்வி விளங்கும். அதனால் அந்த வழியிலேயே போகிறேன்.

கடிகாரத்திலிருந்து தொடங்கலாம். இந்த வகை விளையாட்டுகளுக்கு அச்சாக அமைந்தது ஜிங்கா நிறுவனம் 2009 ஜூனில் ஃபேஸ்புக்கில் வெளியிட்ட ஃபார்ம்வில். உச்சத்தில் மாதத்துக்கு 8 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதை ஆடினார்கள். 2020 கடைசியில் மூடப்பட்ட அந்த விளையாட்டில் ஸ்ட்ராபெரி விதைத்தால் நான்கு மணி நேரத்தில் விளையும். விளைந்ததை உரிய நேரத்துக்குள் அறுக்காவிட்டால் வாடிவிடும். விதைக்கும் உழவுக்கும் போட்ட நாணயம் போச்சு. இதில் கெட்டிக்காரத்தனம் எங்கே இருக்கிறது என்றால், எந்தப் பயிர் என்பதை ஆடுபவரே தேர்ந்தெடுக்கிறார். திரும்பி வரும் நேரத்தை விளையாட்டு கட்டளையிடவில்லை, நீங்களே வாக்குக் கொடுத்துவிட்டுப் போகிறீர்கள். பயிர் வாடினால் கோபம் விளையாட்டின்மேல் வராது, "நான்தான் சோம்பேறி" என்று தன்மேல்தான் வரும். தொழிலில் இதற்கு அப்பாயின்ட்மென்ட் மெக்கானிக் என்று பெயர். கையில் இருப்பதை இழக்கும் வலி அதே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியைவிடக் கூடுதலாகத் தைக்கும் என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-ல் எழுதியது இங்கே அப்படியே வேலை செய்கிறது.

பயிர் வாடுவது அந்த விளையாட்டுக்குத் தேவைதானா? அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். விளைந்தது நீங்கள் வரும்வரை காத்திருக்கும் என்று வைத்துக்கொண்டால், உழுவதிலோ விதைப்பதிலோ பண்ணையை அழகுபடுத்துவதிலோ எந்த இன்பமும் குறையாது. அலாரம் மட்டும் தேவைப்படாது. அதே விளையாட்டு வாடிய பயிருக்கு உயிர் கொடுக்கும் வசதியைக் காசுக்கும் விற்றது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதுதான். ஒரு அம்சம் சூழ்ச்சியா இல்லையா என்று தீர்மானிக்க நான் வைத்திருக்கும் முதல் அளவுகோலும் இதுவே: அதை நீக்கினால் விளையாட்டின் சுவை குறைகிறதா, அல்லது ஆடுபவரின் தவிப்பு மட்டும் குறைகிறதா? இரண்டாவது என்றால் அது உங்களுக்காக வைக்கப்பட்டதல்ல.

எல்லாக் காத்திருப்பும் இவ்வளவு தெளிவாகப் பிடிபடாது. 2012-ல் வந்த கேண்டி க்ரஷ் சாகாவில் ஐந்து உயிர்கள். ஒவ்வொன்றும் திரும்ப 30 நிமிடம். ஐந்தும் தீர்ந்தால் முழுதாக நிரம்ப இரண்டரை மணி நேரம். ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது கதவு சாத்தப்படுகிறது. பாதியில் நிற்கும் வேலையை மறுபடி எடுத்து முடிக்க வேண்டும் என்ற உந்துதல் மனிதருக்கு உண்டு. உளவியலாளர் ஓவ்சியான்கினா 1928-ல் காட்டிய இந்தப் போக்குக்கு ஆதாரம் ஓரளவு உறுதியானது. (முடிக்காத வேலை முடித்ததைவிட நன்றாக நினைவில் நிற்கும் என்ற, அவருக்கு ஓராண்டு முந்தைய ஸைகார்னிக்கின் கூற்றுதான் இணையத்தில் அதிகம் மேற்கோள் காட்டப்படுகிறது. மறுசோதனைகளில் தள்ளாடுவது அதுதான்.) ஆனால் அதே கதவு ஒரே மூச்சில் ஐந்து மணி நேரம் ஆடவிடாமலும் தடுக்கிறது. ஆகவே உயிர் எண்ணிக்கையைக் கண்டதும் சூழ்ச்சி என்று முத்திரை குத்த மாட்டேன். கதவு சாத்தப்பட்ட அந்த நொடியில் திரையில் என்ன வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அங்கே மூன்று வழிகள் இருக்கும்: காத்திருங்கள், காசு கொடுங்கள், நண்பரிடம் கேளுங்கள்.

அந்த மூன்றாவது வழிதான் உங்கள் கதைக்கு மையம். ஒரு சாதாரண வணிகத்தில் வாடிக்கையாளர் தருவது பணம். இங்கே பணத்துக்கு இணையான இன்னொரு நாணயமும் செல்லுபடியாகிறது, அது உங்களுக்குத் தெரிந்தவர்களின் கவனம். ஃபார்ம்வில்லில் நிலத்தை விரிவாக்க இத்தனை அண்டை வீட்டார் வேண்டும் என்று ஒரு எண் இருக்கும். ஆட்கள் இல்லையென்றால் காசு. தொழுவம் கட்ட ஆணி, பலகை, செங்கல் வேண்டும். நண்பர்களிடம் கேட்டு வாங்கலாம், இல்லையென்றால் காசு. வழிதவறிய ஒரு மாடு உங்கள் பண்ணைக்கு வந்துவிட்டது, அதற்கு வீடு கொடுக்க யாராவது உண்டா என்று உங்கள் பெயரில் ஒரு பதிவு போகும். படத்தில் மாடு அழுது வடியும். அந்தப் பதிவை நீங்கள் எழுதவில்லை, ஆனால் அது உங்கள் குரலில் உங்கள் நண்பர்களிடம் பேசுகிறது.

பரிசுத் திரையை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். நண்பர் ஒரு மரக்கன்று அனுப்பியிருக்கிறார். அனுப்ப அவருக்கு ஒன்றும் செலவாகவில்லை, அவர் கணக்கிலிருந்து கன்று குறையவும் இல்லை. நீங்கள் "பெற்றுக்கொள்" என்பதை அழுத்தியதும் அடுத்த திரையில் பெரிய வண்ணப் பொத்தான் "திருப்பி அனுப்பு" என்கிறது. "வேண்டாம்" என்பது மூலையில் சாம்பல் நிறத்தில், பொத்தானே இல்லாத வெறும் எழுத்தாக இருக்கும். சில விளையாட்டுகளில் அதோடு நண்பர் பட்டியல் முழுவதும் ஏற்கெனவே டிக் அடித்தே வரும். ஐம்பது பேரில் நாற்பத்தொன்பது பேரை விலக்குவது உங்கள் வேலை, ஐம்பது பேருக்கும் அனுப்புவது ஒரே தட்டு. வாங்கியதைத் திருப்பித் தராமல் இருக்கக் கூசும் நம் இயல்பை வைத்துத்தான் சங்கிலி ஓடுகிறது. நன்றிக்கடன் உண்மையானது, பரிசு மட்டும் காற்றில் அச்சடித்தது. சமூக வலைத்தள விளையாட்டுகளில் எனக்கு அதிகம் உறுத்துவது சீட்டுக் குலுக்கலோ கடிகாரமோ அல்ல, இதுதான். மற்றதெல்லாம் உங்கள் பலவீனத்தைப் பயன்படுத்துகிறது. இது உங்கள் நல்ல குணத்தைப் பயன்படுத்துகிறது.

இந்த வெள்ளம் ஃபேஸ்புக்குக்கே தாங்கவில்லை. 2010 மார்ச்சில் செயலிகள் பயனருக்கு நேரடியாக அனுப்பிய அறிவிப்புகளை நிறுத்தியது, அதே ஆண்டு பிற்பகுதியில் விளையாட்டுப் பதிவுகள் ஆடாதவர்கள் கண்ணில் படாமல் குறைத்தது. இரண்டுக்கும் நடுவே, 2010 ஜூலையில், இயன் பொகோஸ்ட் என்ற விளையாட்டு ஆய்வாளர் கிண்டலாக 'கவ் க்ளிக்கர்' என்று ஒன்றைச் செய்தார். ஒரு மாடு இருக்கும், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அதைத் தட்டலாம், நண்பர்களை மேய்ச்சல் நிலத்துக்கு அழைக்கலாம், காத்திருக்கப் பொறுமையில்லாதவர் காசு கட்டலாம். வேறெதுவும் இல்லை. கேலியாகச் செய்ததைப் பல்லாயிரம் பேர் உண்மையாகவே ஆடினார்கள். பண்ணை, மீன்தொட்டி, நகரம் என்ற மேல்பூச்சையெல்லாம் சுரண்டி எடுத்த பிறகும் எலும்புக்கூடு நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல செய்முறை விளக்கம் கிடையாது.

இனி உங்களால் அவர்களுக்கு என்ன லாபம் என்று பார்க்கலாம். இலவச விளையாட்டுகளில் காசு கட்டுபவர் மிகச் சிலரே. ஸ்வர்வ் என்ற பகுப்பாய்வு நிறுவனம் 2014 தொடக்கத்தில் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு மாதத்தில் ஏதாவது செலவழித்தவர்கள் ஆடியவர்களில் 1.5 சதவீதம். மொத்த வருமானத்தில் பாதி வந்தது 0.15 சதவீதத்தினரிடமிருந்து. அது ஒரு நிறுவனம் கண்காணித்த விளையாட்டுகளின் கணக்கு என்பதால் எல்லா விளையாட்டுக்கும் இதே எண் பொருந்தும் என்று சொல்ல முடியாது. விகிதம் கூடக்குறைய இருக்கலாம், வடிவம் மாறுவதில்லை. மீதிப்பேர் தண்டத்துக்கு உட்கார்ந்திருக்கிறார்களா? இல்லை. ஆயிரம் செலவழித்துக் கோட்டை கட்டியவருக்கு அதைப் பார்க்க ஆள் வேண்டும், தோற்கடிக்க ஆள் வேண்டும், அணியில் சேர்க்க ஆள் வேண்டும். ஆளில்லாத ஊரில் யாரும் மாளிகை வாங்க மாட்டார்கள். அந்த ஊர்மக்கள் நீங்கள்தான். தவிர, உங்கள் கோரிக்கை ஒவ்வொன்றும் செலவில்லாத விளம்பரம், நீங்கள் பார்க்கும் வீடியோ விளம்பரம் நேரடி வருமானம். 2009-ன் கடைசி மாதங்களில் இதைவிட மோசமான வழியும் அம்பலமானது. இலவச நாணயம் தருவதாகச் சொல்லி ஒரு வினாடி வினாவை நிரப்ப வைத்து, முடிவைப் பார்க்க மொபைல் எண்ணைக் கேட்டு, அதை மாதச் சந்தாவில் கோர்த்துவிட்டார்கள். அந்த விவகாரத்தில் ஜிங்காவின் மீன்தொட்டி விளையாட்டான ஃபிஷ்வில்லை ஃபேஸ்புக் சில நாட்கள் முடக்கி வைத்தது. அதே ஃபேஸ்புக்கின் 2011-ம் ஆண்டு வருமானத்தில் ஏறத்தாழ 12 சதவீதம் ஜிங்கா வழியாக வந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

பண்ணைகளுக்குப் பிறகு வந்தவை இந்தக் கடன் உணர்வைக் குழுவாகக் கட்டின. இருபது முப்பது பேர் கொண்ட அணி, வாராந்திரப் பொது இலக்கு, அனைவரும் பங்களித்தால்தான் திறக்கும் பெட்டி. நீங்கள் ஒருநாள் வராவிட்டால் நஷ்டம் உங்களுக்கு மட்டுமல்ல. அணித்தலைவர் பட்டியலில் உங்கள் பெயருக்கு நேரே பூஜ்யம் தெரியும். இங்கே விளையாட்டு உங்களை அழைக்கவே வேண்டாம், மனிதர்கள் அழைப்பார்கள். காயின் மாஸ்டர் என்ற விளையாட்டு இதையே பகையாக மாற்றுகிறது. ஸ்லாட் இயந்திரம் சுழல்கிறது, மணிக்கு ஐந்து சுழற்சிகள் இலவசம், 50-ல் நிரம்பி நிற்கும். விழும் சின்னத்தைப் பொறுத்து இன்னொருவர் கிராமத்தைத் தாக்கலாம், கொள்ளையடிக்கலாம். நீங்கள் தூங்கும்போது உங்கள் கிராமம் தாக்கப்படும், யார் தாக்கியது என்று பெயரோடும் படத்தோடும் அறிவிப்பு வரும். அந்த நண்பருக்கு உங்கள்மேல் ஒரு கோபமும் இருந்திருக்காது. ஆனால் பழிவாங்கும் ஆசை உங்களுக்கு நிஜமாகவே வரும், அதற்குச் சுழற்சிகள் வேண்டும்.

காசு பக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள், என்றாவது ஒருநாள் "சின்னத் தொகைதானே" என்று தோன்றும். கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் விளையாட்டில் காத்திருப்பைத் தாண்ட வேண்டிய ஜெம் (காசு கொடுத்து வாங்கும் விளையாட்டு நாணயம்) கணக்கு பலருக்கும் மனப்பாடம்: ஒரு மணி நேரத்துக்கு 20, ஒரு நாளுக்கு 260, ஒரு வாரத்துக்கு 1,000. வகுத்துப் பாருங்கள். ஒரு மணி நேரக் காத்திருப்பில் மணிக்கு 20 ஜெம், ஒரு நாள் என்றால் மணிக்கு ஏறக்குறைய 11, ஒரு வாரம் என்றால் 6. காத்திருப்பு நீள நீள விலை மலிவாகத் தெரிகிறது, ஆனால் மொத்தத் தொகை ஏறுகிறது. காத்திருப்பை உருவாக்கியவர்களும் அதற்குத் தள்ளுபடி தருபவர்களும் ஒரே ஆட்கள் என்பது அந்தக் கணத்தில் மறந்துவிடும். ஜெம் என்ற இடைநாணயமே இதற்காகத்தான். நிஜப் பணத்தில் விலை எழுதியிருந்தால் கை தயங்கும். அதிலும் பொருளின் விலை 60 ஜெம் என்றால் பொதிகள் 50, 120 என்ற அளவில் இருக்கும். எதை வாங்கினாலும் போதாது, அல்லது மிஞ்சும். மிஞ்சியது அடுத்த கொள்முதலுக்கு வாசலைத் திறந்துவைக்கும். 'உண்டியல்' என்றொரு வகையும் உண்டு. நீங்கள் ஆடிச் சேர்த்த ஜெம்களே அதில் நிரம்பும், உடைத்து எடுக்கத்தான் காசு. ஏற்கெனவே என்னுடையது என்று தோன்றுவதால் கைவிட மனம் வராது. கார் கழுவும் கடை அட்டைகளை வைத்து நூனெஸும் ட்ரெஸும் 2006-ல் வெளியிட்ட சோதனை இதற்குப் பொருத்தம். எட்டு முத்திரை வேண்டிய வெற்று அட்டை பெற்றவர்களில் 19 சதவீதம் பேர் முடித்தார்கள். பத்து முத்திரை வேண்டும் ஆனால் இரண்டு முன்பே குத்தியிருக்கிறது என்ற அட்டை பெற்றவர்களில் 34 சதவீதம். இருவருக்கும் மிச்சம் எட்டுதான். விளையாட்டைத் திறந்ததும் முன்னேற்றக் கோடு பூஜ்யத்தில் இல்லாமல் கொஞ்சம் நிரம்பியே இருப்பதற்குக் காரணம் இது.

இனி "திட்டமிட்டுச் செய்ததா" என்ற கேள்விக்கு வருகிறேன். நாலு பேர் அறையில் உட்கார்ந்து "இவரை இரண்டு மணிக்கு எழுப்புவோம்" என்று பேசியிருப்பார்கள் என்று கற்பனை செய்ய வேண்டாம். நடப்பது இதைவிடச் சாதாரணமானது, அதனாலேயே தடுக்கவும் கடினமானது. ஏ-பி டெஸ்ட் என்பார்கள். ஆடுபவர்களில் ஒரு பகுதிக்குப் பயிர் எட்டு மணி நேரத்தில் வாடும், இன்னொரு பகுதிக்குப் பன்னிரண்டு மணி நேரத்தில். ஒரு பகுதிக்கு 'வேண்டாம்' பொத்தான் வலப்பக்கம், இன்னொன்றுக்கு இடப்பக்கம். முதல் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், ஒரு நாளைய ஆட்டக்காரர் ஒருவருக்கு எவ்வளவு வருமானம் என்று பார்ப்பார்கள். எண் ஏறிய வடிவம் தங்கும், இறங்கியது போகும். இப்படி நூற்றுக்கணக்கான சிறு தேர்வுகளுக்குப் பிறகு மிஞ்சுவது எந்தத் தனிமனிதரும் உட்கார்ந்து யோசித்திருக்க முடியாத அளவுக்குப் பிடிமானம் உள்ள ஒன்று. வடிவமைப்பாளர்களில் பலர் நல்ல விளையாட்டு செய்ய விரும்புபவர்களே. அளவுகோலில் "தூக்கம் கெட்டதா" என்ற எண் இல்லை, அவ்வளவுதான். நோக்கத்தைத் தேடினால் அது அளவுகோலைத் தேர்ந்தெடுத்த இடத்தில் இருக்கும்.

சந்தேகத்துக்குரியவற்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தத் தலைப்பில் உறுதியாகப் பேசுபவர்கள் அதிகம். கேண்டி க்ரஷ் போன்ற விளையாட்டுகளில் "இன்னும் ஒரு நகர்வு இருந்திருந்தால் ஜெயித்திருப்பேன் என்ற நிலையில் வேண்டுமென்றே தோற்கடிக்கிறார்கள்" என்பார்கள். ஆடுபவரின் திறமைக்கேற்பக் கடினத்தை மாற்றும் நுட்பம் உண்மையில் உண்டு. ஆனால் ஒரு கட்டத்துக்கு நகர்வு எண்ணிக்கையை இறுக்கமாக வைத்தாலே மயிரிழையில் தோற்பது தானாக நிறைய நடக்கும், தனிச் சதி தேவையில்லை. தோற்ற கணத்தில் "இன்னும் ஐந்து நகர்வு வேண்டுமா" என்று கேட்பது மட்டும் எவர் கண்ணுக்கும் தெரியும் வடிவமைப்பு. ஆக்டிவிஷன் நிறுவனத்துக்கு 2017-ல் கிடைத்த காப்புரிமையையும் காட்டுவார்கள். நல்ல ஆயுதம் வாங்கியவரோடு வாங்காதவரை ஆடவைத்து ஆசையைத் தூண்டும் முறை அது. காப்புரிமை இருப்பது உண்மை. அதை எந்த விளையாட்டிலும் பயன்படுத்தவில்லை என்று நிறுவனம் சொன்னது, வெளியிலிருந்து சரிபார்க்க வழியில்லை. அதிர்ஷ்டப் பெட்டிகளில் (திறக்கும்வரை உள்ளே என்ன என்று தெரியாதவை) அதிகம் செலவழிப்பவர்களிடம் சூதாட்டச் சிக்கல்களும் அதிகம் காணப்படுகின்றன என்பது 2018 முதல் பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. பெட்டி அவர்களை அப்படி ஆக்கியதா, அப்படிப்பட்டவர்கள் பெட்டியை நாடினார்களா என்பது அந்த ஆய்வுகளால் தீராது. "டோபமைன் சுரக்கிறது, அதனால் அடிமை" என்ற ஒற்றை வரி விளக்கத்தை ஒதுக்கிவிடுங்கள். நல்ல சாப்பாட்டுக்கும் நல்ல பேச்சுக்கும்கூட அதே வேதிப்பொருள்தான். உலக சுகாதார அமைப்பின் ஐசிடி-11 பட்டியலில் 'கேமிங் டிஸார்டர்' இருக்கிறது. அதற்குக் கட்டுப்பாடு இழப்பு, மற்ற வேலைகளை மிஞ்சும் முன்னுரிமை, கெடுதல் தெரிந்தும் தொடர்தல் எல்லாம் சேர்ந்து வாழ்க்கையைக் கணிசமாகப் பாதித்து, பொதுவாக 12 மாதம் நீடித்திருக்க வேண்டும். அலாரம் வைத்தது மட்டும் நோயாகாது. உங்களுக்கு அது பொருந்துமா என்பதை ஒரு பதிவைப் படித்து யாரும் சொல்ல முடியாது, சந்தேகம் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

சட்டம் உங்களைக் காக்குமா என்றால், காசு போகும் இடத்தில் ஓரளவு காக்கும். ஜப்பானில் தனித்தனிச் சீட்டுகளைக் குலுக்கலில் எடுத்து ஒரு தொகுப்பை முடித்தால் பெரும் பரிசு என்ற 'கம்ப்ளீட் காச்சா' சட்டவிரோதம் என்று 2012-ல் நுகர்வோர் அமைப்பு அறிவித்தது. பெல்ஜியம் 2018-ல் காசு கொடுத்து வாங்கும் அதிர்ஷ்டப் பெட்டியைச் சூதாட்டம் என்றது. அமெரிக்காவில் நுகர்வோரைக் காக்கும் எஃப்டிசி ஆணையம் 2014-ல் ஆப்பிளிடமிருந்து குறைந்தது 3.25 கோடி டாலர் திருப்பித் தரவைத்தது. பெற்றோர் ஒருமுறை பாஸ்வேர்டு போட்டதும் 15 நிமிடம் கதவு திறந்தே கிடந்தது, பிள்ளைகள் அதற்குள் வாங்கிக் குவித்தார்கள் என்பது புகார். ஒரே பொத்தானில் தவறுதலாகக் கொள்முதல் ஆகிவிடும் வடிவமைப்புக்காக 2022 டிசம்பரில் ஃபோர்ட்நைட் விளையாட்டின் எபிக் கேம்ஸ் நிறுவனம் 24.5 கோடி டாலர் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. இந்தியாவில் 2023 நவம்பரில் வந்த டார்க் பேட்டர்ன் (பயனரை ஏமாற்றும் வடிவமைப்பு) வழிகாட்டுதல்கள் போலி அவசரம், நச்சரிப்பு உட்பட 13 வகைகளைப் பெயர் சொல்லித் தடுக்கின்றன. கவனித்தீர்களா? வாடும் பயிர், நாள் தவறாமல் வந்தால் எண் ஏறி, ஒருநாள் முறிந்தால் பூஜ்யத்துக்குப் போகும் தினசரித் தொடர், திருப்பி அனுப்பச் சொல்லும் மரக்கன்று, அணிப் பட்டியல் ஆகியவை இவற்றில் பெரும்பாலும் நேரடியாகச் சிக்குவதில்லை. பணம் போனால் ரசீது இருக்கும். தூக்கம் போனதற்கு ரசீது கிடையாது.

உங்கள் விளையாட்டைச் சோதிக்க ஒரு வாரம் போதும். ஆப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சொல் எழுதி வையுங்கள்: ஆசை, கடிகாரம், அறிவிப்பு, ஆள். ஆட வேண்டும் என்று தோன்றித் திறந்தால் ஆசை. பயிர், உயிர், தினப் பரிசு என்றால் கடிகாரம். போன் கூப்பிட்டுத் திறந்தால் அறிவிப்பு. யாரோ காத்திருக்கிறார்கள் என்றால் ஆள். வாரக் கடைசியில் ஆசை பாதிக்குக் கீழே இருந்தால் நீங்கள் ஆடவில்லை, பணிக்குப் போகிறீர்கள். அடுத்து, வேண்டுமென்றே மூன்று நாள் திறக்காமல் இருந்து திரும்பிப் போய் என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். எல்லாம் விட்ட இடத்தில் இருந்தால் அது ஓரளவு நேர்மையான விளையாட்டு. அழிந்திருந்தால், அல்லது "திரும்பி வந்தவருக்கு மட்டும்" என்ற சலுகைப் பொதி 24 மணி நேரக் கடிகாரத்தோடு குதித்தால், மறுநாளும் பாருங்கள். கடிகாரம் தீர்ந்த பிறகும் அதே பொதி வேறு பெயரில் வந்தால் அவசரம் பொய்.

தொடர்ந்து ஆட விரும்பினால் முதலில் அறிவிப்பை அணையுங்கள், விளையாட்டுக்குள் அல்ல, போனின் செட்டிங்ஸில். விளையாட்டுக்குள் ஒவ்வொரு வகையையும் தனித்தனியாக அணைக்க வேண்டியிருக்கும், புது அப்டேட்டில் புது வகை முளைக்கும். பிறகு நான்கு மணிப் பயிரை விட்டு, நாள் கணக்கில் விளைவதை மட்டும் விதையுங்கள். நாணயம் குறைவாக வரும், பரவாயில்லை. தினசரித் தொடர் நீளமாக ஓடிக்கொண்டிருந்தால் நீங்களே ஒருநாள் முறித்துவிடுங்கள். நீளம் கூடக்கூட முறிப்பது கடினம் என்பதால் இன்று முறிப்பதே மலிவு. ப்ளே ஸ்டோரில் ப்ரொஃபைல் படத்தைத் தட்டி, செட்டிங்ஸில் பர்ச்சேஸ் வெரிஃபிகேஷனை எல்லாக் கொள்முதலுக்கும் என்று வையுங்கள். ஐபோனில் ஸ்க்ரீன் டைம் பகுதியில் உள்ள கட்டுப்பாடுகளில் இன்-ஆப் பர்ச்சேஸையே தடை செய்யலாம். தவறுதலாகக் காசு போனால் கூகுளிடம் 48 மணி நேரத்துக்குள் திருப்பிக் கேளுங்கள், அதன் பிறகு பெரும்பாலும் விளையாட்டு நிறுவனத்திடம் போகச் சொல்வார்கள்.

விட்டுவிடுவது என்று முடிவு செய்தால் வரிசை முக்கியம். பலர் ஆப்பை அழித்துவிட்டு முடிந்தது என்று நினைப்பார்கள். கணக்கு உயிரோடு இருக்கும், நண்பர்களின் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும், கோரிக்கைகள் வந்துகொண்டே இருக்கும், ஒரு சோர்ந்த நாளில் மறுபடி நிறுவினால் பண்ணை அப்படியே காத்திருக்கும். முதலில் அணியில் பொறுப்பு இருந்தால் கைமாற்றி, விலகுவதாக ஒரு வரி எழுதிவிட்டு வெளியேறுங்கள். அந்த ஒரு வரி போனால் "கைவிட்டுவிட்டேன்" என்ற உறுத்தல் பாதி குறையும், திரும்பி வருவதற்கான சாக்கும் போகும். அடுத்து விளையாட்டுக்குள்ளேயே கணக்கை நீக்குங்கள். கணக்குத் தொடங்கவிடும் ஆப் எதுவும் உள்ளேயே நீக்கும் வசதியும் தர வேண்டும் என்று ஆப்பிள் 2022 ஜூன் 30 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது, பெரும்பாலும் செட்டிங்ஸின் அடியில் உதவிப் பக்கத்துக்குள் புதைந்திருக்கும். அதன் பிறகு ஃபேஸ்புக் செட்டிங்ஸில் ஆப்ஸ் அண்ட் வெப்சைட்ஸ் பகுதிக்குப் போய் அந்த விளையாட்டுக்குக் கொடுத்த அனுமதியை எடுத்துவிடுங்கள், உங்கள் பெயரில் பதிவிட்டவற்றையும் நீக்கவா என்று அங்கே கேட்டால் அதையும் டிக் செய்யுங்கள். ஆப்பை அழிப்பது கடைசியில்தான்.